டாப்சிலிப் பழைய வன விடுதி: தேக்கு, இருட்டு, கொள்ளுப் பருப்பு

முதலில் டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதை எழுதக் கை வராது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை மேல் இருக்கும் டாப்சிலிப் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். போனில் 2,000 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. வேட்டைக்காரன்புதூர் தாண்டியதும், "மலை ரோடுங்க, ஒரு ஐந்நூறு சேத்திக் குடுத்துருங்க" என்றார். பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏங்க, மலைன்னு தெரியாமயா ரெண்டாயிரம் சொன்னீங்க?" என்று கேட்டதற்கு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சேத்துமடை சோதனைச் சாவடியில் பையைப் பிரித்துப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள், கட்டணம் கட்டினோம், கொஞ்சம் நேரமானது. அதற்குக் காத்திருப்புக் கூலி 200. மேலே இறங்கியதும், "காலியாத்தானுங்க திரும்பணும்" என்று இன்னும் ஐந்நூறு. ஆக 3,200. சாமான்கள் எல்லாம் வண்டிக்குள் இருக்கும்போது சண்டை போட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பொள்ளாச்சி பேருந்து நிலையத்திலிருந்து மேலே பஸ் உண்டு. ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், அதனால் முந்தின நாளே நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும். புரட்டினாலும் பரவாயில்லை, பஸ்ஸிலேயே போங்கள். பைக்கில் போகலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம், இருசக்கர வண்டிகளை மேலே விடுவதில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக ஆபீஸ் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசை இதோடு சரி. ஏனென்றால் அந்த வீட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

வரவேற்புப் பகுதியில் புல்வெளி, புள்ளிமான் கூட்டம், காட்டுப்பன்றிகள், செல்ஃபி எடுப்பவர்கள் என்று ஒரே சந்தடி. அங்கேயும் அறைகள் இருக்கின்றன. நாங்கள் கேட்டு வாங்கியது அங்கிருந்து தள்ளி, மவுண்ட் ஸ்டூவர்ட் பக்கம் தேக்குக்குள் இருக்கும் பிரிட்டிஷ் காலத்துக் கட்டடம். ஓட்டுக் கூரை. முன்னால் நீள வராந்தா, அதில் கை நீண்ட பழைய சாய்வு நாற்காலி இரண்டு. கதவு, நிலை, ஜன்னல், உத்தரம் எல்லாம் தேக்கு. கதவைச் சாத்த இரண்டு கையும் வேண்டும், சாத்திவிட்டால் அப்புறம் வெளிச் சத்தம் பாதிதான் கேட்கும். பூட்டு கிடையாது, கை நீள இரும்புக் கொண்டிதான். உள்ளே டிவி இல்லை, போனில் சிக்னல் இல்லை, பல்பு மினுக்கென்று எரிகிறது. வெந்நீர் வேண்டுமென்றால் பின்புறம் விறகு அடுப்பில் காய்ச்சி பக்கெட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். உச்சியில் ஒரு பல்லிக் குடும்பம் சொந்த வீடு மாதிரி உலாத்திக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏங்கண்ணு, இதுக்கா காசு குடுத்தே? நம்ம அப்புச்சி ஊடு இப்படித்தான இருந்துச்சு, அதை இடிச்சுப்போட்டுத்தான நீங்கல்லாம் டைல்ஸ் போட்டீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நேர்மையாகச் சொன்னால், நான் காசு கொடுத்தது அந்த வராந்தாவுக்குத்தான். ஏசி அறை, நீச்சல் குளம், 'காட்டின் நடுவே சொகுசு' என்று விளம்பரம் செய்கிற விடுதிகளில் இதைப் போல மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு இரவு பாட்டுப் போடுகிறார்கள். காட்டுக்கு வந்து பாட்டுப் போடுகிறவர்களை என்ன செய்வது?

இந்த வீடும் சுற்றியுள்ள மரங்களும் ஒரே கதையின் இரண்டு பக்கம். ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் பட்டறைக்குப் போனது. ஆங்கிலேயர்களுக்குக் கப்பல் கட்ட மரம் வேண்டும், ஐரோப்பாவில் ஓக் மரம் தட்டுப்பாடு, இங்கேயோ தண்ணீரில் கிடந்தாலும் உளுக்காத தேக்கு. யானையை விட்டு இழுத்து வந்து, இந்த உச்சியிலிருந்து சரிவில் கீழே தள்ளிவிட்டு, சமவெளியில் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அப்புறம் ரயில் வந்தது, தண்டவாளக் கட்டைக்கு இன்னும் வெட்டினார்கள். வெட்டி வெட்டி மலை மொட்டையாகிற நிலை வந்த பிறகுதான் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி இங்கே வருகிறார், முதல் உலகப் போர்க் காலத்தில். அடியோடு தோண்டி எடுக்காமல் கட்டையை விட்டு வெட்டினால் மறுதாம்பு துளிர்க்கும் என்று அந்த முறையைப் பிடித்துக்கொண்டார். வெட்டின இடங்களில் புதுக் கன்றும் வைத்தார். சட்டைப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, நடக்கும்போதே கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதைத்துக்கொண்டே போவாராம். இதை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு உண்மையோ, ஆனால் சொல்கிறவர்கள் தங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்வது போன்ற உரிமையோடு சொல்கிறார்கள்.

அவர் கல்லறை பக்கத்திலேயே, அவர் வளர்த்த தேக்குகளுக்கு அடியில் இருக்கிறது. 1933இல் குன்னூரில் இறந்தவரை, அவர் விரும்பியபடி இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். கல்லில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் இருக்கும் அதே வரிதான். ரென்னுக்கு ஒரு கட்டடம். இவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் போட்டோ எடுத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். டாப்சிலிப் போய்வந்து 'கன்னிக் காடு, மனிதக் கை படாத இயற்கை' என்று போட்டோ போடுகிறார்களே, அவர்கள் பின்னால் நிற்பது பெரும்பாலும் நட்ட தேக்கு. ஒரே வயது, ஒரே உயரம், நன்றாகக் கவனித்தால் வரிசை கூடத் தெரியும். மரத்துக்காகக் கணக்குப் போட்டு வளர்த்த தோப்பு அது. வெட்டுவதை நிறுத்திய பிறகு காட்டுமாடும் யானையும் உள்ளே வந்து குடியேறிக்கொண்டன. எனக்கு இதனால் அந்த இடத்தின் மேல் மதிப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. நாசமாக்கின ஒரு மலை நூறு வருஷத்தில் இந்த அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கரியன் சோலைக்குள் போய்ப் பாருங்கள். வனத்துறை வழிகாட்டியோடுதான் போக முடியும், தனியாக விடமாட்டார்கள். தேக்குக் காட்டில் வெயில் தரை வரை இறங்கும், இலைச் சருகு காலடியில் நொறுங்கும். சோலைக்குள் கால் வைத்த உடனே வெளிச்சம் போய்விடுகிறது. தரை ஈரம், ஒவ்வொரு மரமும் வேறு வேறு ஜாதி, மரத்தின் மேல் கொடி, கொடியின் மேல் பாசி. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது இறக்கைச் சத்தம்தான் முதலில் கேட்டது, ஆளை அப்புறம்தான் பார்த்தோம். கருமந்தி எங்கேயோ உறுமியது. அட்டை என் இரண்டு காலிலும் விருந்து சாப்பிட்டது. உப்பும் புகையிலையும் கொண்டுபோங்கள், ஷூவை நம்பாதீர்கள். அம்மா வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து இளம் தேக்கிலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்து, சிவந்திருப்பதைத் திரும்பி வந்த எங்கள் வழிகாட்டிக்குக் காட்டினார். சின்ன வயதில் மருதாணி கிடைக்காத நாளில் இதுதானாம்.

வேனில் சுற்றிக் காட்டும் சவாரியும் போனோம். மான், மயில், தூரத்தில் காட்டுமாட்டின் முதுகு. மீதி நேரமெல்லாம் பக்கத்து சீட்டுக் குடும்பத்தின் கத்தல். புலி இருக்கிறதா, புலி எங்கே, புலி வருமா என்று டிரைவரைத் துளைத்து எடுத்துவிட்டார்கள். இவ்வளவு சத்தத்தில் நான் புலியாக இருந்தால் கேரள எல்லையைத் தாண்டியிருப்பேன். கையில் காசு குறைவாக இருந்தால் இந்தச் சவாரியை விட்டுவிட்டு கோழிகமுத்தி யானை முகாமுக்கு அந்தப் பணத்தை வையுங்கள்.

கோழிகமுத்தியில் அம்மா குழந்தையாகிவிட்டார். மலசர் இனத்து மாவுத்தர்கள் ராகிக் களி, கொள்ளு, சோறு எல்லாம் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து யானையின் வாய்க்குள் வைக்கிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் தனிக் கணக்கு. கலீமைப் பார்த்தோம். காட்டு யானைகளைப் பிடிப்பது, விரட்டுவது என்று 99 பணிகளில் இறங்கி, 60 வயதில் 2023இல் ஓய்வு பெற்ற கும்கி. அரசு ஊழியர் மாதிரியே ஓய்வு வயது. "பென்சன் உண்டுங்களா?" என்று அம்மா கேட்க, "சாப்பாடெல்லாம் அப்படியேதானுங்கம்மா, வேலைதான் இல்லை" என்றார் மாவுத்தர். அம்மாவுக்குப் பரம திருப்தி.

சாப்பாட்டுக்கு வருகிறேன், எழுதும்போதே பசிக்கிறது. விடுதியில் சமைத்துத் தர ஆள் இருக்கிறார், சாமான் நாம் வாங்கிப் போக வேண்டும். பொள்ளாச்சி மளிகைக் கடையில் அம்மா பிடிவாதமாக ஒரு கிலோ கொள்ளு வாங்கினார். லீவுக்குப் போகிற இடத்தில் கொள்ளா என்று நான் முனகினேன். சமையல்கார அண்ணன் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மதியமே விறகு அடுப்பில் ஏற்றிவிட்டார். வெந்த தண்ணீரை இறுத்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டார். கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மல்லியோடு ஆட்டுக்கல்லில் ஆட்டினார். மசியவும் இல்லை, முழுசாகவும் இல்லை, அந்தப் பதம். சுடு சோற்றில் கொள்ளுப் பருப்பு, மேலே நல்லெண்ணெய், அடுத்த சுற்றுக்கு மிளகு தூக்கின கொள்ளு ரசம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இதைப் பொள்ளாச்சியில் மேசை விரிப்புப் போட்ட ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் இவ்வளவு ருசித்திருக்குமா தெரியாது, ஆனால் நான் எத்தனை முறை சோறு வாங்கினேன் என்பதைச் சமையல்கார அண்ணன் இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். "சாயந்தரம் யானைக்கும் இதுதான, உனக்கும் இதுதான்" என்றார் அம்மா.

இரவு பற்றி ஒரு எச்சரிக்கை. இருட்டிய பிறகு வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது. சும்மா சொல்லும் விதி இல்லை. விடுதியைச் சுற்றி யானை அகழி இருக்கிறது, ஆனால் காட்டுமாடு, பன்றி, சிறுத்தை எதுவும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை என்று காவலர் சொன்னார். ஒன்பது மணிக்கு டார்ச் அடித்தபோது முற்றத்துக்கு அப்பால் பச்சையாகக் கண்கள் மின்னின, எண்ணத் தொடங்குவதற்குள் டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டார். மான்தானாம். ஓட்டில் ஏதோ ஓடியது, மலையணிலா எலியா என்று அம்மாவும் நானும் விவாதித்தோம், பாதியில் அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் பிடிக்க ரொம்ப நேரமானது. பயம் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேட்டவர்களுக்காக. அறைக்கு முன்பதிவு கட்டாயம், ஆனைமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் செய்யலாம், பொள்ளாச்சி மீன்கரை ரோட்டில் அலுவலகமும் இருக்கிறது. சனி, ஞாயிறு கிடைப்பது கஷ்டம், வார நாளில் போனால் கூட்டமும் குறைவு. கோடையில் காட்டுத் தீ பயம் இருக்கும் மாதங்களில் சுற்றுலாவை நிறுத்திவிடுவதுண்டு, அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பின் மலைப் பாதையில் வண்டியை விடமாட்டார்கள், மதியத்துக்குள் சேத்துமடையில் இருப்பது நல்லது. மேலே ஏடிஎம் கிடையாது, கையில் ரொக்கம் வேண்டும். போர்வை தருகிறார்கள், இருந்தாலும் கம்பளி ஒன்று சொந்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு அறை, சாமான், முகாம், வழிகாட்டி எல்லாம் சேர்த்தும், ஒரு மலை ரிசார்ட்டின் ஒரு ராத்திரி வாடகைக்குள் முடிந்துவிட்டது.

பரம்பிக்குளம் இதே சாலையில் இன்னும் உள்ளே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே கன்னிமாரா தேக்கு இருக்கிறது, நடாமல் தானாக வளர்ந்த பிரம்மாண்டம். இந்தத் தடவை பணம் இடிக்கவே விட்டுவிட்டோம். அம்மா அதற்குள் சித்தியிடம் போனில் எல்லாம் சொல்லியாயிற்று. அடுத்த முறை சித்தி, சித்தப்பா, இரண்டு அறை, இரண்டு கிலோ கொள்ளு.