கூலி எத்தனை அம்மிணி?

சோமனூரில் எங்கள் வீட்டில் எட்டுத் தறி, எல்லாம் கூலி நெசவுதான். நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வியாபாரி தருவார், மீட்டர் கணக்கில் கூலி வரும். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் பக்கம் தறிகள் நின்றபோது எங்களுடையதும் நின்றது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, பத்தொன்பது மணி நேரம் சும்மா வேலை செய்து கொடுத்திருக்கிறேன்.

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே வேலைக்கான நேர்காணலில், போனில் முதல் சுற்று முடிந்ததும் டெஸ்ட்டாக ஒரு அசைன்மென்ட் வந்தது. பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கண்காணிக்கும் ஆப். லாகின், டேஷ்போர்டு, பிடிஎஃப் பில் எல்லாம் வேண்டும். "மூணு மணி நேர வேலைதாங்க" என்றார் எச்ஆர். வெள்ளி ராத்திரி உட்கார்ந்தவள் ஞாயிறு ராத்திரிதான் எழுந்தேன். பில்லில் ஜிஎஸ்டி மட்டுமே ஒரு மதியத்தைத் தின்றது. மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி, வெளியே போனால் ஐஜிஎஸ்டி. என் திறமையைப் பார்க்க இதெல்லாம் எதற்கு என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதுக்குக் கூலி எத்தனை அம்மிணி?"

"டெஸ்ட்டுங்கப்பா."

"சாம்பிளுக்கு நாமளும் ஒரு மீட்டர் ஓட்டிக் குடுப்போம். பாவு முழுசும் ஓட்டுவமா?"

பன்னிரண்டு நாள் பதிலே இல்லை. இரண்டு முறை நினைவூட்டியபின், வேலை இல்லை என்று இரண்டு வரி மெயில். என்ன குறை என்று ஒரு சொல் கிடையாது. நான் எழுதிய புரோகிராமை எடுத்துக்கொண்டார்களா, தெரியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பிறகு படித்தேன். ஊழியர் வேலைக்காக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். நான் ஊழியர் இல்லை, எதிலும் கையெழுத்தும் போடவில்லை. ஆக புரோகிராம் என்னுடையது. சரி, அதற்காகக் கோர்ட்டுக்கா போக முடியும்?

டெஸ்ட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். நான் பி.காம். படித்தவள், டெஸ்ட் இல்லையென்றால் ரெஸ்யூமிலேயே கழித்துவிடுவார்கள்.

அடுத்து பீளமேட்டில் ஒரு இடம். எத்தனை மணி நேரம், யார் பார்ப்பார்கள், குறை சொல்வீர்களா என்று முதலிலேயே கேட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். பழுதான ஒரு புரோகிராமைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். முதல் இருபது நிமிடம் கையே ஓடவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் எங்கே சறுக்கினேன் என்று அங்கேயே விளக்கினார்கள்.

பனியன் ஆப்பை இப்போது தறிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பா இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்.