கார் கொட்டகையில் ஒரு சம்மனசு

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் செவிலி. போன மாதம் இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் ஒரு புத்தகத்தை என் பைக்குள் திணித்தாள். "அத்தை, இதில் உங்கள் வார்டு வருகிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள். மறுநாள் காலை வீடு திரும்பும் பஸ்ஸில்தான் பிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கத் தோன்றவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கடைசிப் பக்கம்.

அந்தப் புத்தகம் 'ஸ்கெல்லிக்'. இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த டேவிட் ஆல்மண்ட் எழுதி 1998-இல் வெளிவந்த நாவல். சிறார், இளையோர் நூல்களுக்காக பிரிட்டனில் தரப்படும் கார்னகி பதக்கம் பெற்றது. இளையோர் நாவல் என்பதால் எழுத்து எளிமையாக இருக்கும், அத்தியாயங்கள் சிறியவை. அதற்காக யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

மைக்கேல் என்ற சிறுவனின் குடும்பம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறது. நாள் நிறையும் முன்பே பிறந்த தங்கை பிழைப்பாளா என்று தெரியவில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறார்கள். இடிந்து விழவிருக்கும் கார் கொட்டகைக்குள், தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால், ஓர் ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை மைக்கேல் பார்க்கிறான். மேலெல்லாம் தூசி, ஒட்டடை, செத்த ஈக்கள். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முறுக்கிக் கிடக்கின்றன. ஆஸ்பிரின் கேட்கிறான். சீன உணவுக்கடைப் பட்டியலில் 27-ஆம், 53-ஆம் எண் உணவுகள் வேண்டும் என்கிறான். (எங்கள் வார்டில் 27 என்றால் 27 வாரத்தில் பிறந்த குழந்தை. அந்த எண் வந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன்.) அந்த ஆளின் முதுகில், அழுக்குக் கோட்டுக்கு அடியில், சிறகுகள் இருக்கின்றன.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் பாட்டிக்கு 'தேவதூதர்' என்ற சொல்லே வராது, 'சம்மனசு' என்றுதான் சொல்வார். வீட்டின் முன்னறையில் காவல் சம்மனசு படம் மாட்டியிருந்தது: உடைந்த மரப்பாலத்தைக் கடக்கும் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளை அங்கியோடு சம்மனசு. பாதத்தில் ஒரு துளி மண் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதாவது ஒரு குழந்தையின் ஆக்சிஜன் அளவு இறங்கி மானிட்டர் அலறும்போதெல்லாம் அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். வேலையில் 18 வருடம் ஓடிவிட்டது. எப்போது அந்த முகம் என்னை விட்டுப் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆல்மண்டின் சம்மனசு என்னிடம் வந்து சேர்ந்தது அவன் நோயாளியாக இருப்பதால்தான். அவனுக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. மைக்கேலும் அக்கம்பக்கத்தில் வசிக்கும் மினா என்ற சிறுமியும் இரவில் அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தூக்கினால் கனமே இல்லை. அந்த வரியில் என் உள்ளங்கைகள் கூசின. 980 கிராம் குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோது நானும் அப்படித்தான் திகைத்தேன். ஓர் உயிருக்கு இன்னும் கொஞ்சம் எடை இருக்க வேண்டாமா என்று.

மந்திரம் என்று பார்த்தால் நாவலில் ஒளிவெள்ளமோ மந்திரச் சொற்களோ கிடையாது. தொடுதல்தான் இருக்கிறது. மூவரும் கைகோத்து வட்டமாகச் சுழலும்போது ஒருவர் இதயத்துடிப்பு மற்றவருக்குள் கேட்கிறது. மைக்கேலோ தன் நெஞ்சுக்குள் தங்கையின் துடிப்பையும் சேர்த்துச் சுமந்து திரிகிறான். இதைக் கற்பனை என்று என்னால் தள்ள முடியாது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு ஒட்டவைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று நாங்கள் செய்யும் கங்காரு பராமரிப்பு. நெஞ்சோடு நெஞ்சு பட்டதும் குழந்தையின் மூச்சு சீராவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் தாய்மாரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவைப்போம். நானே நிறுத்தியிருக்கிறேன். அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை.

இனி வருவது கதையின் முக்கியமான இடம். படிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். குழந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. இரவெல்லாம் பக்கத்தில் இருந்த தாய், தூக்கமா விழிப்பா என்று தெரியாத நிலையில், அழுக்கான ஓர் ஆள் உள்ளே வருவதைக் காண்கிறாள். குனிந்து, இரண்டு கைகளாலும் குழந்தையை அள்ளி எடுக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சுழன்று ஆடுகிறார்கள். வயர்களும் குழாய்களும் செருகிய குழந்தையைத் தூக்க எங்களுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி குழந்தையைப் பிடித்தால் இன்னொருத்தி குழாய்களைப் பிடிக்க வேண்டும். அவனோ சும்மா குனிந்து எடுக்கிறான். நான் அழுதது அந்த இடத்தில்தான். பிறகு குழந்தை பிழைத்தது யாரால்? மருத்துவர்களாலா, அவனாலா, மைக்கேலாலா? ஆல்மண்ட் தீர்ப்புச் சொல்வதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வார்டில் நின்றிருப்பவர்களுக்கு அது எவ்வளவு நேர்மையான முடிவு என்று தெரியும்.

ஆல்மண்ட் சிறுவனாக இருந்தபோதே கைக்குழந்தையாக இருந்த தங்கையைப் பறிகொடுத்தவர். அதைப் பிற்பாடு அறிந்ததும் அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. நாவலில் செவிலியர்களுக்கு முகமே இல்லை. இரவு முழுவதும் அந்தக் குழந்தைக்கு அருகில் நின்றவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கென்று ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்குள், ஸ்கெல்லிக் மைக்கேல் என்றொரு பாறைத்தீவு இருக்கிறது. பழைய துறவிமடம் உள்ள இடம். அதிதூதர் மிக்கேலின் பெயரைத் தாங்கியது. கொட்டகையில் கிடந்தவன் ஸ்கெல்லிக், அவனைக் கண்டெடுத்த பையன் மைக்கேல். இருவரையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தீவின் பெயர் முழுதாக வருகிறது. பாட்டி இருந்திருந்தால் இதை முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன்.

தோள்பட்டை எலும்புகள் எதற்கு என்று நாவலின் தொடக்கத்தில் மைக்கேல் தாயிடம் கேட்கிறான். சிறகுகள் இருந்த இடம் என்று சொல்வார்கள் என்கிறாள் அவள். குறைமாதக் குழந்தைகளின் முதுகை அருகில் பார்த்தவர்கள் குறைவு. சதை பிடிக்காததால் அந்த எலும்புகள் துருத்திக்கொண்டிருக்கும். தோளிலும் முதுகிலும் மெல்லிய பூனைமுடி படர்ந்திருக்கும். சில வாரங்களில் உதிர்ந்துவிடும். நேற்று இரவு 1,100 கிராம் பெண் குழந்தை ஒன்றை மூச்சு எளிதாக வரட்டும் என்று குப்புறப் படுக்கவைத்தேன். கையுறை போட்ட ஒரு விரலால் அந்த முடியைத் தடவிக்கொடுத்தேன். ஆக்சிஜன் அளவு 94. போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த குழந்தையிடம் போனேன்.