கூச்சம் போகும், கூழாங்கல் சுடும்: க்ளிகா நெரா கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவின் தென்கரையில் லூத்ரோ என்று ஒரு சிற்றூர். அங்கே போகச் சாலை கிடையாது. படகில் வரலாம், இல்லையென்றால் மலைப்பாதையில் நடந்து வரலாம். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகக் கொஞ்சம் வீடுகள் விரிகுடாவை ஒட்டி நிற்கும், பின்னாலேயே மலை எழும்பிவிடும். தமிழ்ப் பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க நினைத்த பேனிக்ஸ் துறைமுகம் இந்த இடம்தான் என்பது பொதுவான கருத்து. லூத்ரோவுக்கும் அதற்குக் கிழக்கே உள்ள ஹோரா ஸ்ஃபாகியோன் ஊருக்கும் நடுவில், செங்குத்துப் பாறையின் காலடியில் இருக்கிறது க்ளிகா நெரா. ஆடையில்லாமல் குளிக்க விரும்புகிறவர்கள் நெடுங்காலமாக வந்துபோகும் கூழாங்கல் கடற்கரை அது.

முதல்முறை போகிறவர்கள் கேட்பதெல்லாம் கூச்சத்தைப் பற்றித்தான். அது தானாகவே அடங்கிவிடும். யாரும் உங்களைப் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் உடம்பு இளகும். அங்கே ஒரு நாளைக் கெடுப்பவை வேறு: வெயில், சுடும் கல், குடிநீர் போதாமை, திரும்பி வராத படகு. கூச்சத்துக்குத் தயாராகிறவர்கள் இவற்றுக்குத் தயாராவதில்லை.

முதலில் சட்டம். நிர்வாணக் குளியலுக்கென இடம் ஒதுக்குவதைப் பற்றி 1983இல் கிரீஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அனுமதி பெற்ற இடங்கள் மிகக் குறைவு. மற்ற இடங்களில் எல்லாம் நடப்பது ஊர்க்காரர்களின் பொறுத்துக்கொள்ளும் மனதால்தான். ஒதுக்குப்புறமான கடற்கரையில் கண்டுகொள்ள மாட்டார்கள். யாராவது புகார் கொடுத்தால் காவல்துறை வரலாம், உடுத்திக்கொள்ளச் சொல்லலாம். அதனால் தடை அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்களா என்று போன உடனே பாருங்கள், இருந்தால் அதை மதியுங்கள். சுற்றிலும் எல்லோரும் நீச்சலுடையில் இருந்தால் நீங்களும் அப்படியே இருங்கள். லூத்ரோ விரிகுடாவுக்குள்ளே ஆடையைக் கழற்றவே கூடாது. அது வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் முன்வாசல்.

போகும் வழி மூன்று. ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து அனோபொலி போகும் மலைச்சாலையில் மேற்கே நடந்தால், இலிங்கஸ் கடற்கரையைத் தாண்டி, சாலை மலையேறத் திரும்பும் முதல் பெரிய கொண்டைஊசி வளைவில் பாதை பிரியும். ஐரோப்பிய நெடுநடைப் பாதையான ஈ4இன் ஒரு துண்டு அது. கறுப்பும் மஞ்சளுமான அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஊரிலிருந்து மொத்தம் ஒரு மணிநேரம் முதல் ஒன்றரை மணிநேரம் பிடிக்கும். பாதையின் ஒரு பகுதி பாறையைக் குடைந்து வெட்டியது, அகலம் குறைவு, கடல் பக்கம் நேர்ச்சரிவு. உயரம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும். லூத்ரோவிலிருந்து கிழக்கே வரும் பாதைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம். இரண்டிலும் நிழல் கிடையாது. கோடையில் காலை எட்டு மணிக்கு முன்பே நடையை முடித்துவிடும்படி கிளம்புங்கள். எல்லா நடைப்பயணிகளும் போகும் பொதுவழி என்பதால் கடற்கரைக் கற்களில் கால் வைக்கும்வரை உடை உடம்பில் இருக்கட்டும்.

மூன்றாவது வழி படகு. ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்தும் லூத்ரோவிலிருந்தும் சிறுபடகுகள் சுற்றுலாப் பருவத்தில் கடற்கரைக்கே வந்து இறக்கிவிடும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் பெரிய பயணப் படகு இங்கே நிற்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெற்கிலிருந்து காற்றடித்தால் அலை கரையில் மோதி, சிறுபடகு அணைய முடியாமல் போகும். அப்போது நடந்துதான் திரும்ப வேண்டும். படகில் வந்தாலும் நல்ல அடித்தோல் உள்ள காலணியைக் கொண்டுவாருங்கள். ரப்பர் செருப்போடு அந்தக் குறுகிய பாதையில் ஏறுவது நிஜமாகவே ஆபத்து.

கரையில் மணல் இல்லை என்பதில் ஒரு வசதி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்னும் வடகாற்று மலையிலிருந்து குபீரென்று இறங்கும்போது, மணற்கரைகளில் வெறும் உடம்பில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். காற்றடைத்த மிதவைப் படுக்கையில் படுத்திருப்பவர் கண்மூடித் திறப்பதற்குள் தெற்கே விரியும் லிபியக் கடலுக்குள் வெகுதூரம் போய்விடுவார். மிதவைகளை இங்கே கொண்டுவரவே வேண்டாம். கடல் சில அடிகளிலேயே ஆழமாகிவிடும், அலை கரையருகிலேயே உடையும். வெளியே வரும்போது காலடிக் கற்கள் உருண்டு முட்டி அடிபடுவது வழக்கம். ஓர் அலை உங்களைத் தாண்டிப் போனதும், அடுத்தது வருவதற்குள் குனிந்து, கையையும் ஊன்றி ஏறுங்கள். நீரில் போடும் ரப்பர் காலணி இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகும். இரு ஓரத்துப் பாறைகளில் கடல்முள்ளெலிகள் ஒட்டியிருக்கும், அங்கே வெறுங்கால் வைக்க வேண்டாம். மதியத்துக்குள் கற்கள் கால் பொறுக்காத அளவுக்குச் சூடேறும். துண்டுக்கு அடியில் மெல்லிய நுரைப்பாய் ஒன்று விரித்தால் முதுகும் பிழைக்கும், சூடும் தெரியாது.

பாறையடி நிழல் ஆளை இழுக்கும். அங்கே படுக்காதீர்கள். மேலே மேயும் ஆடுகளின் காலடியில் கல் உருளும், மழைக்குப் பிறகும் நிலநடுக்கத்தின்போதும் பெரிய துண்டுகளே விழும். கிரீட் நிலநடுக்கம் அடிக்கடி வரும் தீவு. கீழே வெளுத்த புதுமுறிவோடு கிடக்கும் கற்களைப் பார்த்தாலே எது விழும் எல்லை என்று புரியும். அதைவிட்டு நன்றாகத் தள்ளி, கடல் பக்கமாக இடம் பிடித்து, சொந்தக் குடையை விரிப்பதே சரி. குடைக்கம்பு கூழாங்கல்லில் நிற்காது. கால் பக்கம் கல் நிரப்பிய துணிப்பைகளைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இந்தக் கடற்கரைக்குப் பெயர் தந்தது அதன் ஊற்று. க்ளிகா நெரா என்றால் கிரேக்கத்தில் இனிய நீர். பின்னால் எழும் லெஃப்கா ஓரி மலைத்தொடர் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் விரிசல்கள் வழியாக உள்ளே இறங்கி, கடல்மட்டத்தில், கற்களுக்கு அடியிலிருந்து நன்னீராகக் கசிகின்றன. நீந்தும்போது திடீரென்று ஒரு திட்டு நீர் சில்லென்று இருக்கும். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம் சூடான தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதுபோல் மங்கித் தெரியும். கண்ணில் ஒன்றும் கோளாறில்லை, இரண்டு நீருக்கும் அடர்த்தி வேறு. அலைக்கோட்டுக்குச் சற்று உள்ளே முழங்கால் ஆழம் தோண்டினால் குழியில் நீர் ஊறும். கடலை ஒட்டித் தோண்டினால் உப்புக் கரிக்கும், உள்ளே தள்ளித் தோண்டினால் இனிக்கும்.

அந்த நீரைப் பலர் குடிக்கிறார்கள். என் பரிந்துரை, உடம்பைக் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள். கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீரைச் சுமந்து வாருங்கள். காரணம் எளிது: கற்களுக்கு நடுவே எதை ஊற்றினாலும், யார் எங்கே ஒதுங்கினாலும், அது வடிகட்டப்படாமல் அதே நீரில்தான் சேரும். இதே காரணத்தால் ஊற்றில் சோப்பு, ஷாம்பு போடவே கூடாது. மக்கும் சோப்பு என்றாலும் கூடாது. சுற்றுலாப் பருவத்தில் நடக்கும் சிறு உணவகத்தில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டு, அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்துவது எல்லோருக்கும் நல்லது. குப்பையை மூட்டை கட்டித் திரும்ப எடுத்துப்போக வேண்டும், சாலை இல்லாத இடத்துக்குக் குப்பை வண்டி வராது. கிரீஸில் கடற்கரையில் கூடாரம் போடுவது சட்டப்படி தடை. போடுகிறவர்கள் இங்கே உண்டு என்றாலும் நெருப்பு மட்டும் எந்த மாதத்திலும் மூட்டக் கூடாது.

இனி தோல். ஜூன், ஜூலை நடுப்பகலில் வெயிலின் கடுமையைக் காட்டும் புறஊதாக் குறியீடு (UV index) 9, 10 என்று ஏறும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது அரை உண்மை. மெலனின் ஓரளவு காக்கும், ஆனால் இதுவரை வெயிலே படாத பிட்டம், மார்பு, அடிவயிறு, தொடை இடுக்கு ஆகியவை கைகால்களைவிட வெகு சீக்கிரம் எரியும். குப்புற மிதந்து நீந்துகிறவர்களுக்குப் பிட்டமும் முழங்காலின் பின்புறமும் முதலில் போகும். வெயில்தடுப்புக் குழம்பின் காரணி எண்ணை (SPF) ஆய்வகத்தில் அளப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. வளர்ந்த ஒருவரின் முழு உடம்புக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 35 மில்லிலிட்டர் வேண்டும். பாதி அளவு பூசினால் புட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குரிய காப்பு கிடைக்காது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையும், நீந்தித் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். அப்படியென்றால் 200 மில்லிலிட்டர் புட்டி ஒருவருக்கு இரண்டு நாள் வருவதே கடினம். அறையில் உடுத்துவதற்கு முன்பே பூசிவிடுங்கள், கரையில் காற்றடிக்கும்போது முதுகு விட்டுப்போகும். முதல் நாள் காலையில் அரைமணி நேரம் போதும். பதினோரு மணிக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், உடுத்துவதும் அங்கே உங்கள் விருப்பம்தான். திரும்பி நடப்பதற்கு முன் தொடை இடுக்கில் காய்ந்த உப்பை நன்னீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தளர்ந்த பருத்தி உடை போடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் தோல் உரசிப் புண்ணாகிவிடும்.

பழகும் முறை சிக்கலானதல்ல. எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் துண்டின் மேல் உட்காருங்கள். இடம் நிறைய இருக்கும்போது அடுத்தவர் பக்கத்தில் போய் விரிக்காதீர்கள். தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்த்து ஒரு கலிமேரா (கிரேக்கக் காலை வணக்கம்) சொன்னால் போதும். உணவகத்தை நெருங்கும்போது இடுப்பில் துண்டையோ லுங்கியையோ சுற்றுங்கள், மேசையில் உட்காரும்போது சட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. போனைப் பையில் வையுங்கள். கடலைப் படம் எடுப்பதாக இருந்தாலும் சட்டகத்துக்குள் மனிதர்கள் வரக் கூடாது. ஆண்கள் உடம்பு எதிர்பாராமல் விறைத்தால் குப்புறப் படுப்பதும் கடலில் இறங்குவதும் போதும், யாரும் பொருட்படுத்துவதில்லை. வேண்டுமென்றே காட்டுவது, காமச் செய்கை, கரையின் நீளத்துக்கும் நடந்து நடந்து ஆட்களை நோட்டம் விடுவது, இவைதான் மன்னிக்கப்படாதவை. குடும்பங்கள் குழந்தைகளோடு வரும் இடம் அது. ஊர்க்காரர்களின் பொறுமை இப்படிப்பட்ட சிலரால்தான் தீரும், விலை கொடுப்பது மற்ற எல்லோரும்.

தனியாகவோ தயக்கத்தோடோ வருகிறவர்கள் ஹோரா ஸ்ஃபாகியோனுக்குக் கிழக்கே உள்ள ஃபிலாகி கடற்கரையில் தொடங்கலாம். பக்கத்திலேயே ஆடையில்லா விருந்தினர்களுக்கான விடுதி இருப்பதால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

காலம் என்று கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. மே மாதக் கடல் சுமார் 20 டிகிரி, செப்டம்பரில் 25ஐ ஒட்டி இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். வடகரை நகரமான ஹனியாவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோனுக்குப் பேருந்தில் இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாலையில் சமாரியா பள்ளத்தாக்கைக் கடந்து வரும் கூட்டம், பள்ளத்தாக்கு கடலைத் தொடும் ஆயா ரூமெலி ஊரிலிருந்து படகில் வந்து அதே பேருந்துகளில் ஏறும். அன்றே திரும்புகிறவர்கள் அந்தப் படகு வருமுன் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். ரொக்க யூரோ கையில் இருக்கட்டும். பாதையில் அடிபட்டால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள், ஆனால் பாறை மறைவில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்கும் விடுதியில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.