தவளையைக் கட்டித் தீனி போட்ட கதை

85 டாலர் கொடுத்து ஒரு தவளை வாங்கியிருக்கிறோம் என்று சொன்னபோது மன்னார்குடியில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கேன்டா. தவளையக் காசு குடுத்தா வாங்குனீங்க?"

அதற்கு 13 சதவீத வரியும் கட்டினேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் வாசற்படி ஏறி வரும் தவளையைத் துடைப்பத்தால் தள்ளிவிடும் வீடு எங்களுடையது.

2022 அக்டோபரில் டொராண்டோவுக்கு வந்தோம். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட், வாடகை 1,800 டாலர், கரண்டும் ஹீட்டிங்கும் அதற்குள்ளேயே. மேல்வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். நாய், பூனை கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒன்டாரியோவில் வாடகை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை போட்டாலும் செல்லாது என்பது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் சண்டைக்குப் போயிருக்க மாட்டோம். கிரெடிட் ஸ்கோர் இல்லாதவனுக்கு வீடு கொடுத்தவர்கள். பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாமல் போய் வந்துகொண்டிருந்தாள். முதல் குளிர்காலம் முடியும் நேரத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் அந்தக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கூப்பிட்டாலும் வரவில்லை.

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. உள்ளங்கை அகலம், எப்போதும் சிரிப்பது போல ஒரு வாய். ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளும் நியூ கினியும் அதன் பூர்வீகம். பார்த்துக்கொண்டால் 16 வருஷம், அதற்கு மேலும் இருக்கும் என்றார் கடைக்காரப் பெண். பாப்பா காலேஜ் முடிக்கும் வரைக்கும் என்று நான் மனக்கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 'குண்டு' என்று பெயர் வைத்துக் கூட்டி வந்துவிட்டோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தவளை 85 டாலர்தான். தொட்டி, விளக்கு, ஹீட்டர், ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாம் சேர்த்து 400 டாலரைத் தாண்டியது. தண்ணீருக்கும் செலவு. நம்மூரில் மீன் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்போம். டொராண்டோவில் தண்ணீரில் கலப்பது குளோரமின். அது அப்படி லேசில் போகாது. தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் குளோரமினை முறிக்கும் சொட்டு மருந்து விட்டுத்தான் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும்.

சாப்பாடு உயிரோடு இருக்க வேண்டும். கிரிக்கெட் என்று இங்கே சொல்வது நம்மூர்ச் சுவர்க்கோழி ஜாதிப் பூச்சியை. ஒரு டப்பாவில் இருபத்தைந்து, முப்பது இருக்கும், ஏழு டாலர். அதற்குக் கேரட் தோல் போட்டு முதலில் நாம் வளர்க்க வேண்டும். அப்புறம் ஒரு பையில் கால்சியம் பொடியோடு போட்டுக் குலுக்கினால், உடம்பெல்லாம் விபூதி பூசியது போல வெளியே வரும். குண்டு அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு தாவல். பாதிக் கால் வாய்க்கு வெளியே நிற்க, இரண்டு கண்ணையும் உள்ளே இழுத்து விழுங்கும். தவளைக்கு விழுங்கக் கண்ணும் உதவி செய்கிறது. முதல் முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் குமட்டியது.

2024 ஜனவரியில் வேலை போனது. பத்து நிமிட வீடியோ கால், அவ்வளவுதான். ஈ.ஐ. பணத்துக்கு, அதாவது வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காப்பீட்டுப் பணத்துக்கு, எழுதிப் போட்டேன். முதல் வாரம் காத்திருப்பு, அதற்குக் காசு கிடையாது. பிறகு சம்பளத்தில் 55 சதவீதம். எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் அந்த வருஷம் உச்சவரம்பு வாரத்துக்கு 668 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். வாடகை போக மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்குக் காபிக் கடையில் பகுதிநேர வேலை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மாதச் செலவுகளை எழுதினோம். அரிசி, பருப்பு, பஸ், போன். கடைசி வரியில் 'குண்டு 65' என்று எழுதியபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"யானையைக் கட்டித் தீனி போடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

காசு மிச்சம் பிடிக்க நானும் என்னென்னவோ செய்தேன். டிடிசி பஸ்ஸில் பிரஸ்டோ அட்டையைத் தட்டினால் 3 டாலர் 30 சென்ட்; இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி ஏறினால் மறுபடி பிடிக்காது. கடைக்கு ஓடிப் போய் ஓடி வருவேன். மைனஸ் 14 குளிரில் டப்பாவைக் கையில் கொண்டுவந்தால் பூச்சிகள் விறைத்துவிடும், அதனால் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். ஒரு நாள் லாரன்ஸ் பஸ்ஸில் உடம்புச் சூடு பட்டு நாலைந்து பூச்சிகள் பாட ஆரம்பித்துவிட்டன. பக்கத்து இருக்கைப் பாட்டி தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பூச்சியை வீட்டிலேயே பெருக்கலாம் என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மண் போட்டு வைத்ததுதான் பெரிய கூத்து. மூன்றாம் நாள் மேல்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, உங்கட பக்கம் பூச்சி கத்துற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. மருந்தடிக்கிற ஆக்களைக் கூப்பிடட்டோ?" மருந்து அடித்தால் முதலில் போவது குண்டுதான். உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா தொட்டியை எட்டிப் பார்த்து, "இந்தத் தவக்களைக்கோ இவ்வளவு பாடு" என்று சிரித்துக்கொண்டே போனார். பெட்டியை அன்றே மூடினேன். நாற்றமும் தாங்கவில்லை.

வெயில் வந்ததும் ரூஜ் பூங்காவில் விட்டுவிடலாமா என்று மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அங்கே 'வுட் ஃபிராக்' என்று ஒரு காட்டுத் தவளை உண்டு. குளிர்காலத்தில் உடம்பே பனிக்கட்டியாக உறைந்து, இதயம் நின்று, வசந்தத்தில் உருகி எழுந்து குதிக்கும். குண்டு அந்த வம்சம் இல்லை. முதல் பனிக்கே போய்விடும். அதற்கு முன்னால், வளர்ப்புத் தவளையிடம் இருக்கக்கூடிய கைட்ரிட் பூஞ்சையைக் குளத்துத் தவளைகளுக்கு ஒட்டிவிட்டாலும் விட்டுவிடும். உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ் இனங்களைக் குறைத்த பூஞ்சை அது. ஆக, ஆள் தேடுவது ஒன்றுதான் வழி.

'இலவசம்' என்று விளம்பரம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஏழு பேர். ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு பெரிசு?" இன்னொருவர், முகம் தெரியாத புண்ணியவான், "இலவசம் என்று போடாதே, பாம்பு வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்கிப் போவார்கள். ஒரு விலை வை" என்று எழுதினார். அந்த அளவு கேட்டவர் யாரோ, எதற்கோ! விளம்பரத்தை எடுத்துவிட்டு 40 டாலர் என்று மறுபடி போட்டேன். ஏழு பேரும் காணாமல் போனார்கள். பாப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாக அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை.

கடைசியில் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வீட்டில் பல்லி, தவளை என்று பதினைந்து வைத்திருக்கிறாராம். கைகழுவி, ஈரக் கையால் குண்டுவைத் தூக்கினார். கண்ணுக்கு மேலே இருந்த மடிப்பை விரலால் காட்டினார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு?"

"தினமும். ஆறு, ஏழு பூச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் பாப்பா அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு நாள், நாலைந்து போதுமாம். அந்த மடிப்பு முழுக்கக் கொழுப்பு. இன்னும் போனால் தொங்கிக் காதை மூடும். நாங்கள் அழகு என்று கொஞ்சிக்கொண்டிருந்தது அதைத்தான். பசிக்குமே என்று போட்டோம். அதுவும் போடப் போடத் தின்றது.

அவர் தவளையை எடுத்துப் போகவில்லை. "ஒரு மாதம் இப்படிப் பாருங்கள். அப்பவும் முடியவில்லை என்றால் கூப்பிடுங்கள்" என்று நம்பரை எழுதிக் கொடுத்தார். 65 டாலர் 15 டாலராகச் சுருங்கியது. பாப்பா ஒரு நோட்டில் 'செவ்வாய் 4, வெள்ளி 4' என்று எழுத ஆரம்பித்தாள். மே மாதம் எனக்கு ஆறு மாதக் காண்டிராக்ட் ஒன்று கிடைத்தது. அந்த நம்பர் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் வீடியோ காலில் அம்மா குண்டுவைக் காட்டச் சொன்னாள். பாப்பா போனைத் தொட்டிக்கு அருகில் கொண்டுபோனாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"என்னடா, இப்படி இளைச்சுப் போச்சு? வேளாவேளைக்குச் சோறு போடுறீங்களா இல்லையா?"