உயிர்வேலியில் காட்டுப் பிளம்கள்: ஷ்ராப்ஷயர் நாட்குறிப்பு

மார்ச் 2

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில், லட்லோ ஊருக்கு வெளியே, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கிராமச் சாலையின் இருபுறமும் உயிர்வேலி நீள்கிறது. அதில் இன்று ஒரே ஒரு மரம் வெள்ளையாகப் பூத்து நின்றது. இந்தப் பருவத்தில் வெண்பூவைக் கண்டவுடன் முள் நிறைந்த காட்டுப் பிளமான பிளாக்தார்ன் என்று சொல்லிவிடுவது இங்குள்ளவர்களுக்கே வழக்கம். ஆனால் அது பூக்க இன்னும் சில வாரங்களாவது ஆகும். கிளையை வளைத்துப் பார்த்தேன். இளங்குச்சி பச்சையாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. பூவோடு கூடவே தளிரும் விரியத் தொடங்கியிருந்தது. புல்லி இதழ்கள் காம்பை நோக்கிப் பின்புறம் மடிந்திருந்தன. இம்மூன்றும் சேர்ந்தால் அது சிறு பழம் காய்க்கும் செர்ரி பிளம்தான்.

பழம் தேடுகிறவர் ஆகஸ்டில் கூடையோடு கிளம்புவதைவிட மார்ச்சிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது மேல் என்பது என் எண்ணம். இலை மூடிவிட்டால் வேலியில் எது எங்கே நிற்கிறது என்பது தெரியாது. பழத்தின் நிறத்தை மட்டும் வைத்துக் காட்டுப் பிளம் இனங்களைப் பிரிக்கவும் முடியாது.

ஏப்ரல் 6

பிளாக்தார்ன் இப்போதுதான் பூத்திருக்கிறது. இலையே இல்லாத கருங்குச்சிகள் முழுவதும் சிறுபூக்கள்; பக்கக் குச்சிகள் ஒவ்வொன்றும் நுனியில் முள்ளாக முடிகின்றன. இந்த முள் முறிந்து மூட்டருகே தங்கிவிட்டால் வீக்கமும் வலியும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும் என்பதால், தோல் கையுறை இல்லாமல் இந்த வேலியில் கைவைப்பதில்லை. இது பூக்கும்போது திரும்பி வரும் கடுங்குளிருக்கும் இம்மரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்று காலை அடித்த வாடையில் அதன் பொருத்தம் விளங்கியது.

சாலை வளைவில், இடிந்த குடிசைச் சுவர் ஒன்றின் பின்னால், கருநீலப் பழம் தரும் டாம்சன் என்ற பிளம் மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றில் முள் மிகக் குறைவு; இளங்குச்சியில் மென்மையான மயிர்; மொட்டு அவிழும்போதே இலையும் எட்டிப் பார்க்கிறது. வீட்டைச் சுற்றிக் காற்றுத்தடுப்பாக நட்ட மரங்கள் வேர்க்கன்று விட்டுப் பரவியிருக்கின்றன. மனிதர் போய்விட்ட இடத்தில் டாம்சன் மட்டும் எஞ்சி நிற்பது இப்பகுதியில் அரிதல்ல. வேலிக்கதவின் அருகில் மற்றொரு மரம் இருக்கிறது: முள் உண்டு, ஆனால் பூ பிளாக்தார்னைவிடப் பெரிது. அதைப் பழம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 11

பிளாக்தார்ன் கிளை ஒன்றில், பிஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், வெளிர்பச்சையாக நீண்டு வளைந்து உப்பிய காய்கள் தொங்கின. ஒன்றைப் பிளந்தேன், உள்ளே வெறும் பொள்ளல், கொட்டை இல்லை. டாஃப்ரினா என்ற பூஞ்சையின் வேலை இது. அது பிஞ்சிலேயே புகுந்து காயை இப்படிச் சிதைத்துவிடுகிறது. பிறகு மேல்தோலில் வெண்தூளாக வித்துகள் படியும். டாம்சனிலும் இது வருமென்பதால் குடிசைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே பிஞ்சுகள் நன்றாகவே இருந்தன.

ஜூலை 28

செர்ரி பிளம் பழுத்துவிட்டது. சாலையில் விழுந்து நசுங்கிய மஞ்சள் பழங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேலியின் மறுகோடியில் இதே இனம் சிவப்பாகக் காய்த்திருக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு; தோலில் புளிப்பு, சதையில் நீர்த்த இனிப்பு. சுவையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மிக முன்னதாகப் பூத்துப் பின்பனியில் பூ கருகிவிடுவதால் பல ஆண்டுகள் காய்ப்பதே இல்லை. பிளம் ஒட்டுக்கட்ட இதை வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள். கைவிட்ட தோட்டங்களில் மேலே கட்டிய ஒட்டு பட்டுப்போய்க் கீழிருந்து இதுவே தழைத்து மரமாவதும் உண்டு.

செப்டம்பர் 14

டாம்சன் பறிக்கும் நாள் வந்தது. முதலில் குடிசை நிலத்துக்கு உரியவரான பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டேன். 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 4(3) பிரிவின்படி, தானாக வளர்ந்த செடியின் பழத்தை விற்பனைக்கோ ஆதாயத்துக்கோ அல்லாமல் பறிப்பது இங்கே திருட்டாகாது. ஆனால் யாரோ நட்ட டாம்சனைத் தானாக வளர்ந்தது என்று சொல்லிக்கொள்வது சரியல்ல. அனுமதி இல்லாமல் பிறர் நிலத்துக்குள் இறங்குவது வேறு பிரச்சினை. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கன்றுக்குட்டிகள் இருப்பதால் கதவை மட்டும் சாத்திவிடுங்கள் என்றார் பண்ணைக்காரர்.

பழம் முட்டை வடிவம், காம்புப் பக்கம் சற்றுக் கூம்பியது. கருநீலத் தோலின் மேல் படிந்த வெண்பூச்சில் விரல் பட்ட இடமெல்லாம் தடம் விழுந்தது. கத்தியால் கீறினால் சதை பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். அது கொட்டையை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. சதையைச் சுரண்டி எடுத்த கொட்டை தட்டையாக, இருமுனையும் கூர்த்து, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. ஜூலையில் எடுத்துவைத்த செர்ரி பிளம் கொட்டையோ ஏறக்குறைய உருண்டை, வழுவழுப்பானது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பிறகு குழப்பமே வராது. நிறம் ஏமாற்றும், கொட்டை ஏமாற்றாது.

பச்சையாகத் தின்றால் புளிப்புதான். எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுக் கொதிக்க விட்டதும் அதே பழம் ஆழ்ந்த ஊதா நிறத்துக்கு மாறியது. பெக்டின் என்ற பசைப்பொருள் நிறைய இருப்பதால் ஜாம் தானே இறுகிவிடுகிறது. கொட்டைகள் மேலே மிதந்து வரவரக் கரண்டியால் எடுத்துப் போட வேண்டும். அவற்றை உடைத்துப் பருப்பைத் தின்னக்கூடாது. அதில் சயனைடு உண்டாக்கும் அமிக்டலின் இருக்கிறது.

அக்டோபர் 19

இப்போது வேலி முழுவதும் ஸ்லோ, அதாவது பிளாக்தார்னின் பழம். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாத உருண்டை. காம்பு குட்டையாக இருப்பதால் தொங்காமல் கிளையோடு ஒட்டியே நிற்கிறது. ஒன்றைக் கடித்தால் கடுக்காயை வாயில் போட்டதுபோல் நாக்கு இழுத்துக்கொள்கிறது. உறைபனி விழுந்தபின் பறி என்பது பழைய வழக்கம். நான் உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். கீழே இறங்கும் பள்ளத்தில் புல்லஸ் மரம் ஒன்று கிடைத்தது: டாம்சனின் நெருங்கிய உறவு, ஆனால் பழம் உருண்டை, இன்னும் கல்லாகவே இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் பழுப்பது அதன் குணம்.

வேலிக்கதவு மரத்தின் பழம் ஸ்லோவைவிடப் பெரிது, டாம்சனைவிடச் சிறிது, கொட்டையும் இடைப்பட்டது, துவர்ப்பு உண்டு, பின்னால் கொஞ்சம் இனிப்பும் வருகிறது. பிளாக்தார்னுக்கு 32 குரோமோசோம், டாம்சனுக்கு 48. இருந்தும் இரண்டும் கலந்து இப்படிப்பட்ட மரங்கள் உண்டாகின்றன. என் ஏட்டில் இதைக் கலப்பு என்றே எழுதினேன்.

உடன் வந்த நண்பர் கருநிறப் பழம் எதைக் கண்டாலும் கையை நீட்டினார். பக்தார்ன் என்ற வேறொரு புதரின் பழத்தை நசுக்கிக் காட்டினேன்: ஒன்றுக்கு மேற்பட்ட கொட்டைகள் இருந்தன, அது பேதியாக்கும். செர்ரி லாரல் என்ற புதருக்கு ஒற்றைக் கொட்டைதான் என்றாலும் இலை தடித்துப் பளபளக்கும், பழங்கள் கொத்தாக வரும். பெல்லடோனா என்ற செடியின் பளபளத்த கரும்பழம் நட்சத்திரம்போல் விரிந்த ஐந்து பச்சை இதழ்களின் நடுவே உட்கார்ந்திருக்கும். அது கொல்லும் நஞ்சு.

நவம்பர் 9

சாலைப் பக்கத்து வேலியை இயந்திரத்தால் வெட்டிவிட்டார்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகளுக்காக வெட்டத் தடை இருப்பதால் வெட்டெல்லாம் இப்போதுதான் நடக்கிறது. பிளாக்தார்ன் பூப்பது முந்தைய ஆண்டுக் குச்சியில். ஆகவே வெட்டிய பக்கத்தில் அடுத்த இலையுதிர்காலம் ஸ்லோ அநேகமாக இராது. வயல் பக்கம் தப்பியிருக்கிறது, ஆனால் நடுவில் நீர் ஓடும் பள்ளம். பண்ணைக்காரர் அந்தப் பக்கமும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்; அதற்கு நீளமான துரட்டி ஒன்று செய்துகொள்ள வேண்டும்.