மூன்றாவது முறை

இன்று காலை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை மிச்சமின்றிக் குடித்துவிட்டு, "இவ்வளவு இனிப்பாம்மா!" என்று முகம் சுளித்தார் ஓர் இளம் கர்ப்பிணி.

இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சை அவர் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றார் தாயார்.

உண்மைதான். முன்பு சிங்கப்பூரில் நீரிழிவு ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகளுக்கே இந்தச் சோதனை. 2009இல் இங்கு தொடங்கிய 'கஸ்டோ' என்ற தாய்சேய் நல ஆய்வில் சீன, மலாய், இந்தியத் தாய்மார் 1,200 பேருக்கும் மேல் சேர்ந்து, பிள்ளைகள் வளர வளரத் தங்கள் நேரத்தையும் ரத்தத்தையும் தந்ததால்தான், கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கும் நடைமுறைக்கு வழி பிறந்தது.

தாய்சேய் நல ஆய்வில் பணிபுரியும் எனக்கு அவர்கள் வெறும் எண்களாகவே அறிமுகமானவர்கள்.

மூன்றாவது முறைக்கு அந்தப் பெண் எழுந்தபோது, பெயர் தெரியாத அத்தாய்மாரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.