டெக்கன்: நடுவே இருக்கும் அந்த இரண்டடி

மே மாத லீவுக்கு அண்ணன் பையன் வந்திருந்தான். வந்த நாளிலிருந்து டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேம்தான், சாப்பிடக் கூப்பிட்டால்கூட “ஒரே ஒரு மேட்ச்” என்பான். மூன்றாம் நாள் ராத்திரி, “சித்தப்பா, நீங்க எல்லா டெக்கனும் ஆடியிருக்கீங்கள்ல, எது பெஸ்ட்டு?” என்று கேட்டான். 5 என்றேன், யோசிக்கவே இல்லை. “ஏன்?” என்றான். அதற்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. அவன் ஊருக்குப் போனதும் பரணில் கிடந்த பிஎஸ்2-வை (பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி) இறக்கித் துடைத்து, மூன்று வாரமாக ஒவ்வொன்றாக மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டெக்கனில் நான்கு பட்டன், நான்கு கைகால். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, பெருக்கல் குறி இடது கால், வட்டம் வலது கால். 1994-இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கடை மெஷினில்) இறக்கிய முதல் பாகத்திலேயே இந்தக் கணக்கு வந்துவிட்டது, இன்றைக்கும் அதேதான். ஆனால் ஆடும் இரண்டு பேருக்கும் நடுவே கிடக்கும் அந்த இரண்டடி இடம் ஒவ்வொரு பாகத்திலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எதிராளி குத்த வரும்போது ஒரு எட்டு பின்னால் போய், அவன் கை காற்றில் வீணாவதைப் பார்த்து, அது திரும்புவதற்குள் நாம் ஒன்று வைக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருடமாக இதை ஆடுகிறேன். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் அந்த இடத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன், கிராபிக்ஸ் எல்லாம் அப்புறம்.

முதல் இரண்டு பாகங்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். குதித்தால் ஆள் வானத்துக்குப் போய்விட்டு ஆற அமர இறங்குவான், பக்கவாட்டில் விலகுவது எல்லோருக்கும் வராது. நல்ல தொடக்கம், இன்றைக்கு ஆட முடியவில்லை.

டெக்கன் 3 வேறு. ஆர்கேடில் 1997, பிளேஸ்டேஷனில் 1998. மேலேயோ கீழேயோ ஒரு தட்டு தட்டினால் எந்த ஆளும் திரைக்குள்ளோ வெளியிலோ ஒதுங்குவான். இந்த ஒன்றுதான் டெக்கனை டெக்கனாக்கியது. அதுவரை கோடாக இருந்த சண்டை அன்றைக்குத் தரையாக விரிந்தது. எங்கள் தெருமுனையில் மணிக்குப் பத்து ரூபாய் வாங்கும் கடை ஒன்று இருந்தது, அங்கே ஆடியதைச் சேமித்துவைக்கும் மெமரி கார்டு கிடையாது. அதனால் தினமும் காலையில் அதே பத்து பேர்தான்: ஜின், பால், லா, லெய், கிங், நீனா, யோஷிமிட்சு, ஹ்வோராங், சியாவ்யூ, எடி. முக்கால்வாசிப் பேர் எடியை எடுத்து உதைக்கிற இரண்டு பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள், கப்போயிரா (பிரேசிலின் நடனம் போன்ற சண்டைக்கலை) ஆட்டம் தானாக வந்து விழும். என்னிடம் இருந்தது பாலின் ஒரே ஒரு குத்து. கீழே, கீழ்-முன், முன், முக்கோணம். இடுப்பைத் திருப்பி ஒரு அடி முன்னால் வந்து வலது கையை நெஞ்சில் இறக்குவான், எதிராளி பறந்துபோய் விழுவான். தடுத்துவிட்டால் நாம் காலி. எடி சுழன்று வரும்போது எத்தனை அடி தள்ளி நின்றால் அவன் கால் எட்டாது என்று ஒரு முழு லீவும் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இப்போது ஆடிப் பார்த்தாலும் அந்த அளவு கைக்குத் தெரிகிறது.

டேக் டோர்னமெண்ட்டில் இரண்டு ஆள், நடுவில் மாற்றிக்கொள்ளலாம். பிஎஸ்2 வந்தபோது கூடவே வந்தது, பழைய ஆட்கள் பலர் திரும்பினார்கள். விருந்து மாதிரி, கதை கிடையாது.

டெக்கன் 4-ஐப் பற்றி எல்லோரும் மோசமாகத்தான் பேசுவார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. 2001-இல் முதல்முறையாகச் சுவர் வைத்தார்கள். எவ்வளவு பின்னால் போனாலும் முடியாத மைதானம் போய், முதுகில் ஏதோ இடிக்கும் மைதானம் வந்தது. பின்வாங்குவதற்கு ஒரு விலை வந்தது. நல்ல யோசனை அது. ஆனால் கூடவே மேடுபள்ளத் தரை, நடுவில் தூண் என்று போட்டதில் அடிக்கும் காம்போ (தொடர் அடிகள்) எல்லாம் தற்செயலாகிவிட்டது, மேட்டில் நின்றால் படுவது பள்ளத்தில் படாது. ஜின்னின் பழைய அடிகளை எடுத்துவிட்டு கராத்தே கொடுத்ததும் இதில்தான், அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, இன்றைக்கு அந்த ஜின்தான் எனக்குப் பிடித்த ஜின்.

சரி, 5-க்கு வருகிறேன். 2004 கடைசியில் ஆர்கேட், அடுத்த வருடம் பிஎஸ்2. 4-இன் சுவரை வைத்துக்கொண்டு தரையைச் சமமாக்கினார்கள். சில மைதானத்தில் சுவர் இருக்கும், சிலவற்றில் இருக்காது, அதனால் எங்கே நிற்கிறோம் என்பதற்கு ஏற்பத் திட்டமே மாறும். ஜின்னின் பழைய அடிகளை டெவில் ஜின் என்று தனி ஆளாகவே கொடுத்தார்கள். கீழே வரும் உதையைத் தாண்டிக் குதித்துக்கொண்டே அடிக்கும் அடிகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு ரவுண்டில் பெரிய அடி மூன்று நான்கு விழும், மீதி நேரமெல்லாம் முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு, பக்கத்தில் ஒரு ஒதுங்கல். யாரும் அடிக்காத அந்த நான்கைந்து நொடியில்தான் கை வியர்க்கும். அதே டிஸ்க்கில் முதல் மூன்று பாகங்களின் ஆர்கேட் வடிவத்தையும் வைத்திருந்தார்கள், வாங்கிய காசுக்கு நான்கு டெக்கன். ஜின்னின் கொள்ளுத்தாத்தா ஜின்பாச்சி மட்டும் வயிற்றிலிருந்து தீப்பந்து விட்டு உயிரை எடுப்பார். அதைக்கூட மன்னித்துவிடலாம்.

6-இலிருந்து வேறு மாதிரி. அந்தரத்தில் இருப்பவனைத் தரையில் அறைந்து எழும்ப வைத்து மறுபடி அடிக்கும் வசதி வந்தது, ஒரு தப்புக்கு அடி வாங்கிக்கொண்டு சும்மா பார்த்திருக்க வேண்டும். டேக் 2-இல் அது இன்னும் நீளம். ஐம்பதுக்கும் மேல் ஆட்கள், ஆள் தேர்வு செய்யவே அலுத்துப்போகும்.

7-ஐ 5-க்கு அடுத்து வைப்பேன். இரண்டு பேருக்கும் லைஃப் கொஞ்சமாக இருந்து, இரண்டு அடியும் ஒரே நேரத்தில் நெருங்கினால் திரை மெதுவாகிவிடும். யார் கை முதலில் படப்போகிறது என்று வீட்டில் ஆடத் தெரியாதவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். 2019-இல் பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் கொரியாவின் ‘நீ’ (Knee) என்ற ஆட்டக்காரரைத் தோற்கடித்ததும் இந்தப் பாகத்தில்தான். அவர் ஆட்டத்தைப் பார்த்தால் நான் சொல்லும் அந்த இரண்டடி புரியும். அவசரமே கிடையாது, அடி எட்டாத இடத்தில் போய் நின்றுகொள்வார்.

2024 ஜனவரியில் வந்த 8-இல் ஹீட் என்று ஒன்று. ரவுண்டுக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம், அது ஓடும்வரை எதிராளி தடுத்தாலும் லைஃப் குறையும். முன்னால் பாய்கிறவனுக்கே லாபம். பின்வாங்கிக் காத்திருக்கிறவனுக்கு இடமே இல்லாமல் போகிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லாம் அருமை. தோற்ற மேட்சைத் திரும்ப ஓடவிட்டு, தப்பு செய்த இடத்தில் நிறுத்தி, அங்கிருந்தே நாம் ஆடிப் பார்க்கலாம். அந்தக் கடையில் எனக்கு இது கிடைத்திருந்தால் எடியை இரண்டே நாளில் முடித்திருப்பேன். பால் தலைமுடியைத் தழைய விட்டுக்கொண்டு வயசானவனாக வருகிறான், குத்து மட்டும் அதே கீழே, கீழ்-முன், முன், முக்கோணம்.

தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். பிஎஸ்2-வைக் கழற்றவில்லை, 5 உள்ளேயே இருக்கிறது. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்கின்றன. ஒன்றில் முக்கோணம் அழுத்தினால் சில நேரம் விழுவதில்லை. நல்லதைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு நான் ஹ்வோராங்கை எடுத்துக்கொள்வேன், ஹ்வோராங்குக்கு உதைதான் அதிகம்.